கழற்றும் முன் கண்டுபிடிப்போம்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கவிதை எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். காதல் கவிதை என்றால் இருபது பேர்! அதனால் யாரும் தொடாத ஒரு பொருளை நான் எடுத்துக்கொண்டேன். இன்ஜின் மவுண்டிங். "இதுக்குப் போய் ஒரு கட்டுரையா மச்சான்?" என்று கடைசி பெஞ்சில் சிரிப்பது காதில் விழுகிறது. சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. நம் ஆய்வுக்கூடத்தில் மோர்ஸ் டெஸ்ட் செய்கிறோமே, அந்த இன்ஜின் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? சிமெண்ட் மேடை. அதில் புதைத்த ஃபவுண்டேஷன் போல்ட்டு. அவ்வளவுதான். மூன்று வருடமாக நாம் பார்த்தது, தொட்டது, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தது எல்லாம் இந்த அசையாத இன்ஜினைத்தான். ஆனால் ரோட்டில் ஓடுகிற கார் எதிலும் இன்ஜின் இப்படி உட்கார்ந்திருப்பதில்லை. ரப்பரில் தொங்குகிறது. அசைகிறது, முறுக்குகிறது, துள்ளுகிறது. அந்த அசைவைப் படிக்காமலே நாம் ஆட்டோமொபைல் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

ரப்பர்த் துண்டின் மூன்று வேலைகள்

மவுண்டிங் செய்யும் வேலை மூன்று. ஒன்று, இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டின் எடையையும் தாங்குவது. இரண்டு, அதிர்வு பாடிக்குப் போகாமல் தடுப்பது. மூன்று, சக்கரத்தை முன்னால் சுழற்றும்போது இன்ஜின் பின்னால் உருளப் பார்க்குமே, அந்த எதிர்முறுக்கைப் பிடித்து நிறுத்துவது.

சங்கடம் என்னவென்றால், இரண்டாவது வேலைக்கு ரப்பர் மெதுவாக இருக்க வேண்டும். மூன்றாவது வேலைக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிய பிள்ளையைப் போல, இரண்டு பேரையும் சமாளிப்பதே அதன் பிழைப்பு!

இந்தச் சமாளிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1931-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி, தன் பிளிமத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற முறையைக் கொண்டுவந்தது. இன்ஜினின் புவியீர்ப்பு மையத்தின் வழியாகப் போகும் ஓர் அச்சில் அது ஊசலாடும்படி ரப்பர் மவுண்டிங்குகளை வைத்தார்கள். நாலு சிலிண்டர் வண்டியின் நடுக்கம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமல் அடங்கியது. அடுத்த வருடமே பிரான்ஸின் சிட்ரோயன் அதற்கு உரிமம் வாங்கித் தன் கார்களில் போட்டது. ஆக, மவுண்டிங் என்பது ஏதோ ஒட்டுப்போட்ட ரப்பர் அல்ல. கணக்குப் போட்டு வைத்த பாகம்.

வேகமான காரில் என்ன நடக்கிறது?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2013-ல் இந்தியாவில் வந்த வோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் டர்போ, நாலு சிலிண்டர், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். நம் பசங்க ஃபோனில் வால்பேப்பராக வைத்திருக்கும் வண்டி. 2010-லேயே போலோ கப் என்று தனிப் பந்தயம் தொடங்கினார்கள். நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் போலோக்கள் ஓடியிருக்கின்றன. 2022-ல் இந்தியாவில் போலோ தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கி 'ரீமேப்' செய்து ஓட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. பழைய வண்டி, கூட்டிய சக்தி. மவுண்டிங் பேச்சு வருவது இங்கேதான்.

இதில் இன்ஜின் குறுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. வலது பக்கம் இன்ஜினுக்கு ஒரு மவுண்டிங், இடது பக்கம் கியர்பாக்ஸுக்கு ஒரு மவுண்டிங். இரண்டும் மேலே இருந்து எடையைத் தாங்குகின்றன. கீழே, கியர்பாக்ஸையும் சப்ஃபிரேமையும் இணைத்தபடி எலும்புத்துண்டு போல ஒரு சின்ன இணைப்பு. இரண்டு முனையிலும் ரப்பர் புஷ். உருளலைப் பிடிப்பது அதுதான்.

இப்போது கணக்கு. முன்சக்கர டிரைவில் டிஃபரென்ஷியலும் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருப்பதால், மவுண்டிங்கில் வரும் எதிர்முறுக்கு வெறும் 175 அல்ல; ஆக்ஸிலுக்கு வரும் முழு டார்க். முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து சுமார் 14 மடங்கு என்று வைத்துக்கொண்டால் 2,450 நியூட்டன் மீட்டர். ஆனால் அவ்வளவும் ரோட்டுக்குப் போகாது, டயர் வழுக்கிவிடும். முன் ஆக்ஸிலில் 650 கிலோ எடை, உராய்வுக் கெழு 0.9, சக்கர ஆரம் 0.3 மீட்டர் என்று வைத்தால் டயர் தாங்குவது ஏறக்குறைய 1,700 நியூட்டன் மீட்டர். கீழ் இணைப்பு, மேல் மவுண்டிங் கோட்டிலிருந்து அரை மீட்டர் கீழே இருந்தால் அதில் வரும் விசை 3,400 நியூட்டன். அதாவது சுமார் 350 கிலோ! உள்ளங்கை அளவு ரப்பர் புஷ்ஷில், ஒவ்வொரு தடவை சிக்னலில் ஆவேசமாகக் கிளப்பும்போதும்.

ரீமேப் செய்தால் என்ன ஆகும்? "முதல் கியர்ல எப்படியும் டயர்தானே எல்லை, அப்போ மவுண்டிங்குக்கு என்ன வந்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டாவது கியரைப் பாருங்கள். மொத்த விகிதம் 8 என்றால் பழைய வண்டியில் 175 பெருக்கல் 8, அதாவது 1,400. டயர் எல்லைக்குள் இருக்கிறது. டார்க்கை 230 ஆக்கினால் 1,840. இப்போது இரண்டாவது கியரிலும் அந்த உச்ச சுமை வந்துவிட்டது. அதோடு டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துத் துள்ளும்போது விழுவது நிதானமான சுமை அல்ல, சம்மட்டி அடி. நல்ல பிடியுள்ள டயர் போட்டால் அந்த எல்லையும் உயரும். மவுண்டிங் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

மேலே சொன்னவற்றில் விகிதங்களும் தூரங்களும் நான் வசதிக்காக வைத்துக்கொண்ட முழு எண்கள். உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பார்த்து நீங்களே போட்டுப் பாருங்கள். அப்ளைடு மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவர்களும் போடலாம், சுலபமான கணக்குதான்!

நடுங்கினால் எல்லாம் மவுண்டிங்கா?

இனி என் முக்கியமான சண்டைக்கு வருகிறேன். கஸ்டமர் வந்து "சார், வண்டி வைப்ரேஷன் அடிக்குது" என்று சொன்ன மாத்திரத்தில், "மவுண்டிங் போயிருச்சு, மாத்திடலாம்" என்று பதில் வரும் ஒர்க்‌ஷாப்புகள் எத்தனை!

என் நண்பன் இன்ப்ளான்ட் டிரெயினிங் போன இடத்தில் பார்த்தது இது. ஐட்லிங்கில் ஸ்டியரிங் குலுங்குகிறது என்று ஒருவர் கார் கொண்டுவந்தார். முதல் நாள் வலது மவுண்டிங் மாற்றினார்கள். குலுக்கல் நிற்கவில்லை. இடது மவுண்டிங் மாற்றினார்கள். நிற்கவில்லை. கீழ் இணைப்பையும் மாற்றினார்கள். அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் பலவீனம்! கழற்றிய மூன்று மவுண்டிங்கும் நல்ல நிலையில் குப்பைக்கூடையில் கிடந்தன. அந்தக் கஸ்டமர் சம்பளக்காரர். பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பணம் கட்டினாராம். அவர் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்றான் நண்பன்.

இத்தனைக்கும் கண்டுபிடிப்பது கம்பசூத்திரம் அல்ல. நாலு சிலிண்டர் இன்ஜின் 750 ஆர்.பி.எம்.-ல் ஓடினால் வினாடிக்கு 12.5 சுற்று, சுற்றுக்கு இரண்டு எரிப்பு, ஆக வினாடிக்கு 25 துடிப்பு. மவுண்டிங் கெட்டால் பாடிக்கு வருவது பெரும்பாலும் இந்தச் சீரான, வேகமான உறுமல். ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியவில்லை என்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை உதறும். வினாடிக்கு ஏறக்குறைய 6. கையை வைத்தாலே வித்தியாசம் தெரியும். மோர்ஸ் டெஸ்டில் ஒரு சிலிண்டரை கட் செய்ததும் ரிக் குலுங்குமே, அதே குலுக்கல்தான் அது! நம் கைக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தை ஒர்க்‌ஷாப் வாசலில் மறந்துவிடுகிறோம். இப்போது எல்லார் ஃபோனிலும் அதிர்வு அளக்கும் சென்சார் இருக்கிறது. அதற்கான ஆப்பைப் போட்டு டாஷ்போர்டில் வைத்தால், துடிப்பு 25-ஆ 6-ஆ என்று அதுவே காட்டிவிடும்.

இன்னும் சில வழிகள் சொல்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் நடுங்குகிறதா? காலி ரோட்டில் கிளட்ச்சை மிதித்து இன்ஜின் வேகத்தைக் குறையுங்கள். நடுக்கம் அப்படியே இருந்தால் சக்கரம், டயர், பேலன்சிங் பக்கம் பாருங்கள். மவுண்டிங் மேல் பழி போடாதீர்கள். சைலன்சர் குழாய் எங்காவது பாடியில் இடித்தாலும் உள்ளே உறுமும். திருப்பத்தில் 'டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு 'டொக்', காலை எடுக்கும்போது ஒரு 'டொக்', ரிவர்ஸ் போடும்போது ஒரு 'டொக்' என்றால் அப்போது கீழ் இணைப்பைச் சந்தேகப்படலாம்.

சந்தேகத்தை உறுதி செய்வது எப்படி?

பானெட்டைத் திறந்து வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அனுபவமுள்ள ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தட்டும். முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சம் விட்டு, இன்ஜின் சாயும்போது மறுபடி மிதிக்கட்டும். பிறகு ரிவர்ஸில் அதேபோல். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. இதை நான் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன், அச்சகத்தில் போடுவார்களோ என்னவோ! ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு 'டி'-யிலிருந்து 'ஆர்'-க்கு மாற்றினாலே போதும்.

நல்ல மவுண்டிங்கிலும் இன்ஜின் அசையும். அசைவதற்காகத்தான் ரப்பர்! மெதுவாகச் சாய்ந்து மெதுவாகத் திரும்பினால் சரி. எகிறிப் போய் இடித்து நின்றால் ரப்பர் கிழிந்திருக்கிறது. சாக்பீஸால் இன்ஜினிலும் பாடியிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அசைவு கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து இன்ஜினை நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறதா? மேலே ஆயில் ஒழுகி ரப்பர் ஊதியிருக்கிறதா? இயற்கை ரப்பருக்கு ஆயில் எதிரி. ஆயில் லீக்கை நிறுத்தாமல் புது மவுண்டிங் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதை. பல கார்களில் இன்ஜின் பக்க மவுண்டிங்கின் உள்ளே திரவம் இருக்கும். அது ஒழுகிக் கறை படிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பிரேக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வெர்னியரில் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இத்தனையும் செய்த பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

மாற்றும்போது...

இங்கே அவசரம் உயிருக்கு ஆபத்து. மவுண்டிங்கைக் கழற்றினால் இன்ஜினின் எடை வேறெதன் மேலாவது நிற்க வேண்டும். வெறும் ஜாக்கியை ஆயில் சம்ப்பில் முட்டுக்கொடுத்தால் சம்ப் நசுங்கும், ஜாக்கி நழுவும். மேலிருந்து தூக்கிப் பிடிக்கும் சப்போர்ட் பார் இருந்தால் அதுதான் உத்தமம். இல்லாவிட்டால் அகலமான மரக்கட்டை வைத்து, எடை பரவும்படி தாங்குங்கள். வண்டியின் அடியில் போவதென்றால் பாடிக்கு ஸ்டாண்டு கொடுத்துவிட்டுப் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்காதீர்கள், வீட்டில் அம்மா காத்திருப்பார்.

பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பழைய இடத்துக்கு அடையாளக் கோடு போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங் மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் இன்ஜின் நகர்ந்துபோய் போல்ட்டு ஓட்டை சேராது. சேராத ஓட்டையில் போல்ட்டை வலுக்கட்டாயமாகத் திருகினால் அலுமினியத் திரெட் போய்விடும். புதியதை மாட்டி எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு, எடையை மவுண்டிங் மேல் இறக்குங்கள். இன்ஜினை லேசாக ஆட்டி அது தன் இயல்பான இடத்தில் உட்கார விட்டு, அதன் பிறகே டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். முறுக்கிய நிலையில் இறுக்கிய ரப்பர் பிறக்கும்போதே நோயாளி. மேனுவலில் டார்க்கோடு கோணமும் சேர்த்துச் சொல்லி, புது போல்ட்டு போடச் சொன்னால் புதியதையே போடுங்கள்; நீண்டுபோன பழைய போல்ட்டில் சிக்கனம் வேண்டாம்.

கெட்டியாகப் போட்டால் வீரமா?

"ரேஸ் கார்ல பாலியூரித்தேன் போடுறாங்க, நாமளும் போடலாம்" என்பது இன்னொரு மோகம். ரேஸ் காருக்கு அது சரி. அங்கே ஓட்டுபவர் ஹெல்மெட்டுக்குள் இருக்கிறார். இரைச்சலைப் பற்றிக் கவலை இல்லை. கியர் சரியாக விழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தினம் ஆபீஸ் போகிற காரில் ஷோர் 'ஏ' அளவுகோலில் 85, 90 கடினத்தன்மை உள்ளதைப் போட்டால் ஐட்லிங்கில் கண்ணாடி கிடுகிடுக்கும், டாஷ்போர்டு கதறும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். மூன்றில் ஒன்றை மட்டும் கெட்டியாக்கினால் சுமை முழுக்க அதன் தலையில் விழும். அது பிடித்திருக்கும் பிரேக்கெட் விரிசல் விடலாம். கீழ் இணைப்பில் மட்டும் நடுத்தரக் கடினம், மேலே ஒரிஜினல் ரப்பர் என்பது ரோட்டு வண்டிக்கு நியாயமான சமரசம் என்பது என் கருத்து.

மெதுவும் கெட்டியும் ஒன்றாக வேண்டுமென்றால் காசும் மூளையும் செலவழிக்க வேண்டும். 2009-ல் போர்ஷே தன் 911 ஜி.டி.3 காருக்கு ஒரு மவுண்டிங் கொண்டுவந்தது. உள்ளே காந்தப்புலத்தில் கெட்டியாகும் திரவம். சாதாரணமாக ஓட்டும்போது மெதுவாக இருக்கும்; விரட்டும்போது கெட்டியாகிவிடும். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் சமாதானம்!

"எல்லாம் மின்சாரக் கார் ஆகப்போகுது, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டாரில் எரிப்புத் துடிப்பு இல்லை, உண்மை. ஆனால் நின்ற இடத்திலிருந்தே அது முழு டார்க்கைத் தருகிறது. பிரேக் பிடித்து மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குகிறது. இன்ஜின் சத்தம் இல்லாததால் சின்ன ரீங்காரமும் காதில் கேட்கிறது. மவுண்டிங் அங்கேயும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

நமக்கு என்ன வேண்டும்?

நண்பர்களே, ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் கை வேகம் அதிகம். அதில் நாம் அவரோடு போட்டி போட முடியாது, அவரிடம் கற்றுக்கொள்ளத்தான் முடியும். பி.இ. படித்தவருக்கு டிசைன் டேபிள் இருக்கிறது. நடுவில் இருக்கும் நமக்கு என்ன இருக்கிறது? கணக்கும் தெரியும், ஸ்பேனரும் பிடிக்கத் தெரியும் என்ற ஒன்றுதான். அந்த இரண்டும் சேர்கிற இடத்துக்குப் பெயர் டயக்னாசிஸ். அதை விட்டுவிட்டு "மாத்திப் பாக்கலாம் சார்" என்று சொல்வதற்கு மூன்று வருடப் படிப்பு எதற்கு? அப்படிப்பட்டவனைக் கம்பெனியும் டிரெய்னி என்ற பெயரில் பாகம் மாற்றத்தான் வைத்துக்கொள்ளும். வருடம் முடிந்ததும் அவனையே மாற்றிவிடும்!

எனவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். கலை விழாவுக்கு ஸ்பீக்கர் கேட்கும்போது, கூடவே துறைத்தலைவரிடம் இதையும் கேளுங்கள். ஓடும் நிலையில் உள்ள ஒரு பழைய கார், முழு பாடியோடு, அதன் சொந்த மவுண்டிங்குகளில் நிற்கும்படி நம் லேபுக்கு வேண்டும். அதில் ஒரு நல்ல மவுண்டிங், ஒரு கிழிந்த மவுண்டிங், ஒரு பலவீனமான காயில் என்று மாற்றி மாற்றி வைத்து, "எது கோளாறு? கழற்றாமல் சொல்" என்று ஒரு செய்முறை வேண்டும். செலவு அதிகம் ஆகாது. காயலான் கடையிலேயே பாதிப் பொருள் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு செய்முறையைச் செய்துவிட்டுப் போகிறவன் கையில் நல்ல மவுண்டிங் எதுவும் குப்பைக்குப் போகாது. எந்தச் சம்பளக்காரரும் வாய் பேசாமல் பில் கட்ட வேண்டியிருக்காது.

சிந்திப்போம், கேட்போம், பெறுவோம்!

— இறுதியாண்டு ஆட்டோமொபைல் பிரிவிலிருந்து ஒரு குரல்